ஓரடி தள்ளி நின்ற சுவர்

சொந்த வீட்டுக் கொல்லையில் ஓர் அறை கட்டுவதற்கு மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டதும் என் கணவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நம்ம இடம், நம்ம செங்கலு, நம்ம கொத்தனாரு. இதுல அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

எனக்கும் தூக்கிவாரிப் போட்டதுதான். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்துகொண்டு, ஒரு கையெழுத்து இல்லை, ஒரு நகல் குறைகிறது என்று ஊரார் பிள்ளைகளின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பவள் நான். எனக்கே ஒரு விண்ணப்பம் என்று வந்த பிறகு, சட்டமாவது ஒன்றாவது என்று எந்த வாயால் சொல்வது? முறையாகத்தான் கட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்து போனார்.

அறை என் அக்காவுக்காக. அவள் சின்னாளப்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணமாகி நாலே மாதத்தில் கணவனை ஒரு பேருந்து விபத்தில் பறிகொடுத்தவள். அதன்பின் தையல் மெஷினை வைத்துக்கொண்டு யார் தயவும் இல்லாமல் காலத்தைத் தள்ளிவிட்டாள். இப்போது வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். எங்கள் மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, ஆனால் முழங்கால் தேய்ந்துபோன அவளால் ஏற முடியாது. எங்களுடனேயே இரு என்றால் மாட்டேன் என்கிறாள். "தனி வாசல் இருந்தா வாரேன். இல்லாட்டி வேற வாடகை வீடு பாத்துக்கிறேன்" என்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. தனியாள் என்றால் வீடு தருவதற்கு ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். எனவே துவைக்கிற கல்லுக்கும் பின் சுவருக்கும் நடுவே, தனி வாசலும் அடுப்படி மேடையும் குளியலறையும் வைத்து ஒரு சின்ன வீடு. தைக்குள் அது எழும்பாவிட்டால் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிளான் போட்டுத் தரும் இன்ஜினியர் ஒருவரைப் பிடித்தேன். பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, பழைய வீட்டின் அனுமதி வரைபடம் என்று கேட்டுக்கொண்டே போனார். பழைய வீட்டின் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதில் காட்டியிருந்த படிக்கட்டு ஓரிடத்தில், நாங்கள் இத்தனை வருடங்களாக ஏறி இறங்குகிற படிக்கட்டு வேறோரிடத்தில். எனக்கு வியர்த்துவிட்டது. "எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா, பயப்படாதீங்க. இப்ப இருக்கிறதயே புது பிளான்ல காட்டிருவோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு வீடுன்னு காட்டினா நாலு பக்கமும் எவ்வளவு விட்டிருக்கீங்கன்னு அளப்பாங்க. பேசாம ஸ்டோர் ரூம்னு போட்ருவோமா? இல்ல, மாட்டுக் கொட்டகைன்னு?"

"எங்கக்கா என்ன மாடா?"

கேட்ட வேகத்தில் மேசையிலிருந்த அவருடைய ஸ்கேல் கீழே விழுந்துவிட்டது. அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு 'குடியிருப்பு' என்றே எழுதினார். பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி விட்டாக வேண்டும் என்றார். பின்பக்கமும் விட வேண்டும். விட்டது போக மிஞ்சிய இடத்தில் அறை உள்ளளவாகப் பதினாறு அடி நீளம், ஒன்பது அடி அகலம் வந்தது. "மனையடி பாக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அறையின் நீள அகலத்துக்கு இத்தனை அடி ஆகும், இத்தனை அடி ஆகாது என்று பார்க்கிற வழக்கத்தைச் சொல்கிறார். "அதெல்லாம் எங்க வீட்ல கிடையாது" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை பட்டாவில் என் கணவரின் தகப்பனார் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது என்று. அந்தக் காலைத் தேடி நான் அலைந்த அலைச்சலில், அதுவரை நான் திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் முகமெல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து நின்றது. மூன்றாம் முறை அனுமதி வந்தது. தாளை லேமினேட் செய்து வீட்டு முன்னால் மாட்டினேன். தெருவில் அப்படி மாட்டியவள் நான் ஒருத்திதான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுகிற நாளில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கணவரும் பழனி வரைக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா சின்னாளப்பட்டியிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, கூடவே நின்று, கொத்தனாருக்கும் ஆட்களுக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு மதியமே திரும்பிவிட்டாள். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது வானம் தோண்டியிருந்தது. அஸ்திவாரக் குழியைத்தான் எங்கள் பக்கம் வானம் என்போம். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. டேப் எடுத்து அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த சமயம் நகரமைப்புப் பிரிவிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஒரு இளம் பெண் அதிகாரி. என் மகளாக இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அனுமதித் தாளை லேமினேட் செய்து மாட்டியிருப்பதைப் பார்த்துப் பாராட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பக்கத்துச் சந்தில் டேப்பை வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"மேடம், இங்க மூணேகால் அடி இருக்கணும். ரெண்டேகால்தான் இருக்கு."

"இருக்காதும்மா. நல்லாப் பாருங்க."

டேப்பின் ஒரு முனையை என்னிடமே கொடுத்தாள். நான் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரெண்டேகால். உள்ளே போய் அறையை அளந்தோம். பத்தடி. ஒன்பதாக இருக்க வேண்டிய அறை பத்தடியாக நின்றது. அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசினாள். வேலையை நிறுத்துங்கள், அந்தச் சுவரை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் இடிக்கச் சொல்லி எழுதவேண்டி வரும் என்றாள். நோட்டீஸை லேமினேட் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள். அதையும் தெருவே நின்று படித்தது.

தைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. கொத்தனாரைப் பிடித்து வாயில் வந்தபடியெல்லாம் கேட்டேன். கண் அவிந்துபோச்சா, பிளானைப் படிக்கத் தெரியாதா, நூலை யார் நகர்த்தினது என்று. அவர் தலைத்துண்டை எடுத்து உதறினார்.

"அக்காதாம்மா நகட்டச் சொன்னாங்க. குடியிருக்கப் போறவங்களே சொல்றாங்க, நான் எப்படி மாட்டேங்கிறது? ஒம்போதடி நானும் இதுவரைக்கும் கட்டுனதில்ல."

"யாரு?"

"உங்கக்காதாம்மா."

மறுநாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அப்படியே கிளம்பிப் பேருந்து ஏறினேன். மதுரை ரோடு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனேன். நான் ஒரு காலுக்காக அலைந்திருக்கிறேன், இவள் ஒரு அடியையே நகர்த்திவிட்டிருக்கிறாள் என்று ஆத்திரம். போய்ச் சேர்ந்தபோது அவள் மெஷினில் ஒரு நைட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாதி வீடு ஏற்கனவே மூட்டையாகக் கட்டிக் கிடந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுன?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தினாள்.

"ஒரு அடிதானடீ. யாரு அளக்கப் போறான்னு நெனச்சேன்."

"அளந்துட்டாங்க. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. தெருவே சிரிக்குது. அம்புட்டுச் சொல்லியும் எதுக்கு நகட்டுன?"

அவள் எழுந்து, ஆணியிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி என் கையில் கொடுத்தாள். மனையடி சாஸ்திரம் அச்சடித்திருந்தது. ஆறடி நன்மை. ஏழடி தரித்திரம். எட்டடி பாக்கியம். ஒன்பதடி பீடை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரத்தில் வருகிற சிரிப்பு. "இதுக்காகவா? இத நம்பியா?"

"நம்புறேனா இல்லியான்னு எனக்கே தெரியாது. ஆனா அந்த வார்த்த எழுதியிருக்கிற வீட்டுல என்னால படுக்க முடியாதுடீ."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் மாமியார் வீட்டில் அவளுக்குப் பீடை என்றுதான் பெயர். கணவன் செத்த பதினாறாம் நாள், வாசலில் வைத்து அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவளை அனுப்பினார்கள். அப்போது நானும் அப்பாவும் கூட்டிவரப் போயிருந்தோம். என் காதாலேயே கேட்டேன்.

"அவங்க சொன்னதயெல்லாம் இன்னுமா மனசுல வெச்சிருக்க?" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"அவங்க சொன்னத எப்பவோ விட்டுட்டேன்" என்றாள். "நீ சொன்னதுதான்."

"நானா?"

"ஒன்னயப் பொண்ணு பாக்க மொதமொதல்ல வந்தாங்கல்ல, அன்னிக்கு. நான் தெரியாம காப்பித் தட்டோட முன்னாடி வந்துட்டேன். அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. அடுப்படியில வெச்சு நீ அதச் சொன்ன."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கட்டியிருந்த மயில்கழுத்துச் சேலை, கேசரியில் முந்திரி குறைவு என்று அம்மா அலுத்துக்கொண்டது, வந்தவர்களில் ஒருவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது எல்லாம் நினைவிருக்கிறது. அடுப்படியில் நான் அழுததும் நினைவிருக்கிறது. அக்கா பக்கத்தில் நின்றாளா என்று தெரியவில்லை. நான் ஏதாவது சொன்னேனா என்று தெரியவில்லை. எவ்வளவு தோண்டியும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அவள் என்னைக் குற்றம் சொல்லுகிற முகத்தோடு இல்லை. வெட்கப்படுகிறவள் மாதிரி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ வீடு கட்டித் தாரேன்னு சொன்னப்ப, அதுக்குத்தான்னு நெனச்சேன். முப்பது வருசம் அத மனசுல வெச்சிருந்து, அந்தச் சொல்ல அழிக்கிறதுக்குத்தான் கட்டுறன்னு. பஸ்ஸில அழுதுக்கிட்டே வந்தேன் தெரியுமா? அப்புறம் நூல் பிடிக்கிற அன்னிக்குக் கொத்தனாரு ஒம்போதுன்னு சொன்னாரு. நீ கவனிச்சிருக்க மாட்டன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதான் ஒன்ட்ட கேக்காமயே நகட்டச் சொல்லிட்டேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

தெருவில் ஒரு குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அது முனை திரும்புகிற வரை எனக்கு நேரம் கிடைத்தது.

"இருக்குக்கா" என்றேன். "அதுக்குத்தான் கட்டுறேன்."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. காலண்டரை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "எட்டடி வெச்சுக்கிட்டா அந்தப் பொண்ணு ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

ஒத்துக்கொண்டாள். கூட்டித்தான் கட்டக்கூடாது, குறைத்துக்கொள்ளலாம், திருத்திய பிளானை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றாள் அந்த அதிகாரி. எதற்காக இடத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். நானும் சொல்லவில்லை. ஜன்னல் மட்டத்துக்கு வந்த சுவரைக் கொத்தனார் இரண்டு நாளில் பிரித்து, இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினார். கட்டிலும் மெஷினும் போட்டது போக ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான் மிச்சம். மார்கழியாயிற்றே என்றவர்களிடம் காலி செய்ய வேண்டிய கெடுவைச் சொல்லிவிட்டு, தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது பால் காய்ச்சினோம்.

சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு சித்தி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனூண்டுக்கா இவ்வளவு அமர்க்களம் என்றாள். அக்கா அவளுக்குப் பால் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"எந்தங்கச்சி எதையும் மறக்க மாட்டா சித்தி. எனக்காக எல்லாத்தையும் மனசுல வெச்சிருந்து செஞ்சிருக்கா."

இப்போதும் யார் வந்தாலும் அதைச் சொல்கிறாள். சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து அவள் வாசலில் உட்காரும்போது என் முன்னாலேயே சொல்கிறாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு அந்த அடுப்படியில் என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். முந்திரி நினைவுக்கு வருகிறது, செருப்பு நினைவுக்கு வருகிறது. நான் சொன்னது மட்டும் இன்றுவரை வரவில்லை.