பதினொன்றாம் இலக்கத்துப் பாட்டு

சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தலைக் காலையிலேயே சொல்லிவிட்டார்களாம். காரைதீவில் என் வீடு வரைக்கும் அது கேட்கவில்லை. மீன் கொண்டுவரும் வியாபாரி காக்காதான் வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "ஐயா, ஒங்கட கூட்டாளி ஆதம்பாவா சேர் சுபஹோட மௌத்தாப் பெய்த்தாராம். கேள்விப்படல்லயா?"

"விசர்க்கதை கதைக்காதங்க காக்கா. நேத்துப் பின்னேரம் அவரோட இருந்து பிளேன்டீ குடிச்ச நான்" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் மீன் நிறுக்காமல் தராசைப் பெட்டிக்குள் வைத்தார். அப்போதுதான் நான் நம்பினேன்.

பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். முஸ்லிம் அல்லாத நான் மையவாடி மதிலுக்கு வெளியே நின்றிருந்தேன். அவருடைய மகன் றிஸ்வான் வந்து கையைப் பிடித்து, "மாமா, நீங்க ஏன் இஞ்ச நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க" என்று கூட்டிப்போனார். எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். போடும்போது என் மனதில் ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லித் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆதம்பாவா சேரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் ஆசிரியராக இருந்தவர். பல்கலைக்கழகத்தின் படி ஏறியவரல்லர். நான் ஏறியவன், அந்தத் தலைக்கனமும் எனக்கு உண்டு. ஒரே ஆசிரியர் அறையில் பதினெட்டு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். நான் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் வேலை செய்தார். எங்கள் கரையோரத்து முஸ்லிம் பெண்கள் தங்களுக்குள் பாடும் கவிகளைச் சேர்த்தார். சேர்த்தவற்றை ஒல்லாந்தில் இருந்த ஓர் அம்மையாருக்குக் கடிதமாக எழுதினார்.

அந்த அம்மையாரின் பெயர் யோகன்னா. தமிழையும் மலாயையும் படித்தவர். ஒருமுறை இங்கே வந்து பத்து நாட்கள் தங்கியிருந்தார். அதன் பின் இருவரும் சந்திக்கவேயில்லை. இருபது வருடத்துக்கு மேல் கடிதம் மட்டுமே. அவர் புத்தகத்தில் படித்த தமிழில் எழுதுவார்: "பெருமதிப்பிற்குரிய புலவர் பெருந்தகையே, தங்கள் ஓலை கிடைக்கப்பெற்று உவகை எய்தினேன்." சேர் அதை ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடிந்ததும் அவர் கடிதத்தை நெஞ்சுப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

அவருடைய மனைவி சபியா. நான் தங்கச்சி என்றே கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் சேர் நீலத்தாளை விரித்து எழுத உட்கார்ந்தால் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "அந்த வெள்ளக்காரிக்கி எழுதுறத்தில கால்வாசி எனக்கிட்டக் கதைச்சா வாய் தேஞ்சா போகும்?"

சொல்வது அப்படி. ஆனால் அந்தக் கடிதங்களின் பாதி வேலை அவருடையது. ஓர் அந்நிய ஆண் போய் உட்கார்ந்து பெண்களைப் பாடச் சொல்ல முடியுமா? தங்கச்சிதான் சாவு நடந்த மையத்து வீட்டிலும் கலியாண வீட்டிலும் பாய் பின்னும் இடத்திலும் கேட்டு மனதில் வாங்கி வருவார். வந்து சேருக்குச் சொல்லுவார். "இது இன்னாருடையது, இது என்னுடையது" என்றும் சொல்லுவார். ஒரேயொரு நிபந்தனை: "பேரு மட்டும் போடப்படாது. ஊரு உலகமெல்லாம் பொண்டுகள்ற பேரு போகப்படாது."

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். பட்டதாரியல்லவா! "பேர் வேணாம் மச்சான், இலக்கம் போடுங்க. ஆராய்ச்சியில அப்பிடித்தான். வயசும் வேணாம், தெருவும் வேணாம். ஒவ்வொரு பொம்பிளைக்கும் ஒரு இலக்கம். எந்த இலக்கம் ஆரெண்டு வேற கொப்பியில எழுதி வச்சாச் சரி" என்றேன். அது யுத்தத்தால் கடிதங்களை உடைத்துப் பார்க்கும் காலமாகவும் இருந்ததால் அவருக்கும் சரியாகப் பட்டது. பதினேழு பெண்கள், பதினேழு இலக்கங்கள். கொப்பி அவருடைய அலுமாரியில் இருந்தது.

ஒருநாள் அவர் அந்தக் கொப்பியை இன்னொன்றில் பிரதி பண்ணி எடுத்துக்கொண்டு காரைதீவுக்கு வந்தார். "இது ஒங்கட ஊட்டுல கிடக்கட்டும் மச்சான். ஒண்டு தவறினா மத்தது இருக்கும்" என்றார்.

நான் வாங்கவில்லை. என் வீட்டைச் சோதனை போடப் படையினர் அடிக்கடி வருவார்கள். முஸ்லிம் பெண்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று தமிழனின் வீட்டில் அகப்பட்டால் சோதனை போடுகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், இரண்டு ஊருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் எங்கள் ஊர்களுக்கிடையில் சந்தேகம் அப்படி இருந்தது. "என்னைக் கொல்லப் பாக்கிறீங்களா மச்சான்?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சரி சரி, உடுங்க" என்று சொல்லி என் முன்னாலேயே அதை அடுப்பில் போட்டு எரித்தார்.

சுனாமி வந்த காலை சேர் மகனுடன் அக்கரைப்பற்றில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தார். தங்கச்சியும் மகள் பர்சானாவும் வீட்டில் இருந்தார்கள். கடற்கரையிலிருந்து மூன்றாவது வீடு அது. மகளின் உடலை இரண்டாம் நாள் எடுத்தார்கள். தங்கச்சியை எடுக்கவேயில்லை. அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். அலுமாரி, அம்மையாரின் கடிதங்கள், கொப்பி எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. பிரதான வீதிக்கு மேற்கே இருந்த என் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தக் கொப்பியை நான் வாங்கியிருந்தால் அது இன்றும் இருந்திருக்கும். இதை நான் எத்தனை முறை நினைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அம்மையார் அங்கே சேரின் கடிதங்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றுவிடாமல் படியெடுத்து அனுப்பினார். மறுபடி சண்டை மூண்டிருந்த நேரம். சேர் பொதியை எடுத்துவரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்த்து, "இதென்ன நம்பர்? யார் இந்தப் பதினேழு பேர்?" என்று மூன்று மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். "பொம்பிளைகள்ற பாட்டு சேர்" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிப்போனது.

வீட்டுக்கு வந்து தாள்களை விரித்தபோதுதான் விளங்கியது. பாட்டுகள் இருந்தன. எது தங்கச்சியுடையது என்று தெரியவில்லை. எல்லாப் பாட்டையும் அவர் தங்கச்சியின் வாயால்தான் கேட்டிருந்தார். எல்லாமே அவருக்குத் தங்கச்சியின் குரலாகவே கேட்டது. ஒரு படம்கூட மிஞ்சாத மனுசிக்கு அவருடைய பாட்டாவது மிஞ்சட்டும் என்று அவர் துடித்த துடிப்பை நான் கண்ணால் கண்டேன்.

கடற்கரைத் தெருக்களில் மிஞ்சியவர்களை முகாம் முகாமாகத் தேடினோம். அவர் வாசலில் நிற்பார், றிஸ்வானின் மனைவி உள்ளே போய் வாசித்துக் காட்டுவார். ஐந்து பேர் தங்கள் பாட்டை அடையாளம் சொன்னார்கள். "இது என்டதான். ஆனா இப்ப எதுக்கு சேர் பாட்டு?" என்று ஒருவர் உள்ளேயிருந்து அழுதார். மிச்சம் பன்னிரண்டு இலக்கங்கள். பாடிய பன்னிரண்டு பேரும் மௌத்து.

சேர் சாப்பாட்டை விட்டார். ஆட்களோடு கதைப்பதை விட்டார். தாள்களோடேயே கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பின்னேரம் போய், "பதினொண்டு தங்கச்சிடதான் மச்சான். நீங்களே ஒருதரம் எனக்கிட்டச் சொன்ன நீங்க, மறந்திட்டீங்க" என்றேன்.

அவர் சொன்னதேயில்லை. அது பச்சைப் பொய். இருந்தவற்றில் நல்ல பாட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

வட்டிலில சோறிருக்கு
வாளமீன் ஆணமிருக்கு
தொட்டுத் தின்ன ஆளில்லாம
தூங்குதுகா என்ட அடுப்பு

சேர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஓம் மச்சான். எனக்கும் அப்பிடித்தான் ஒரு நினைப்பு" என்றார். அன்று என் எதிரில் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டார். அதன் பின் இலக்கங்களைப் பற்றி என்னிடம் அவர் வாய் திறக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுப்பார். யுத்தம் முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்திய நாளிலும் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் றிஸ்வான் ஒரு நினைவு மலர் போடப்போவதாகச் சொன்னார். "முதல் பக்கத்தில உம்மாட பாட்டுப் போடணும் மாமா, அந்தப் பதினொண்டு. நீங்க வந்தா வாப்பா படிக்கிற பாட்டு." அம்மையாரிடமும் அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுதியிருக்கிறார்.

அன்று பின்னேரமே ஒல்லாந்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அம்மையார்தான். "ஐயா, அவர் இதனைத் தங்களிடம் உரைக்கலாகாது என எழுதியிருந்தார். ஆயினும் அச்சில் ஏறுமுன் உரைப்பதே முறை எனக் கருதுகின்றேன்" என்று சொல்லி, சேர் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை வாசித்தார். நான் அந்தப் பொய்யைச் சொன்ன இரண்டு கிழமைக்குள் அவர் எழுதியது.

"பதினொன்று சபியாவுடையது அல்ல. பாய் பின்னும் மைமூனுடையது. மைமூனின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அவள் பாடியது. எனக்குச் சொல்லும்போது சபியா அழுததால் அதொன்று மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் நண்பர் வந்து அது சபியாவுடையது என்கிறார். சொல்லும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கொப்பியை வாங்காமல் விட்டதை நினைத்து அந்த மனிதன் செத்துக்கொண்டிருக்கிறார். இல்லை என்று நான் சொன்னால் இனி என் வாசலை மிதிக்கமாட்டார். எனக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். ஆகவே ஓம் என்று சொல்லிவிட்டேன். அவர் வரும்போது அந்தப் பாட்டைப் படித்துக் காட்டுகிறேன். சபியாவின் பாட்டு எதுவென்று இனி எனக்குத் தெரியவராது."

அம்மையார் வாசித்து முடித்த பிறகும் நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெட்கம் கெட்டவன் நான். அவரை ஆற்றப் போனதாக நினைத்தேன். அவர்தான் இத்தனை வருடமும் என்னை ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இடையில் செத்துப்போன ஓர் ஏழை மனுசியின் பாட்டை நான் களவெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

றிஸ்வானிடம் போய்ச் சொன்னேன். "அப்ப உம்மாட எது மாமா?" என்று கேட்டார். தெரியாது மகன் என்றேன்.

ஆகவே அனைவரும் அறியச் சொல்கிறேன். பதினொன்றாம் இலக்கத்துப் பாட்டைப் பாடியவர் பாய் பின்னும் மைமூன். அவரும் சுனாமி வந்த அதே காலையில்தான் போனார். பெயர் போட வேண்டாம் என்று தங்கச்சி கேட்டது அவருக்கும் சேர்த்துத்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

மச்சான், போய் வாருங்கள். தங்கச்சியைக் கண்டால் எது அவருடையது என்று கேளுங்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை.