ஆறாவது சக்கரம்

அப்பாவின் முதல் நினைவுநாள் ஜெபத்தில் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் பொம்மை ரயில் எஞ்சினை வைக்க வேண்டும் என்று உடும்பஞ்சோலையிலிருந்து அக்கா போன் செய்தாள். கூடவே ஓர் அட்டையும் வேண்டுமாம்: “இது அப்பா செய்தது.”

எனக்கு அதில் சந்தேகம். அப்பா தேயிலை ஃபாக்டரியில் பிட்டர். எஞ்சினை அவரே செய்தார் என்று தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பேச்சு. கேட்டால் சிரிப்பார், ஆமென்றோ இல்லையென்றோ சொன்னதில்லை.

எஞ்சின் சித்தூரில் என் அலமாரியில் இருந்தது. நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர், சக்கரம் ஆறு, சாவி கொடுத்தால் ஓடும். வருஷத்துக்கொரு முறை மெஷின்களுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை அப்பா இதற்கும் பூசுவார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதைச் சுரண்டினேன். அடித் தகட்டில் ஒரு முத்திரை தெரிந்தது. ஒரு சக்கரத்தின் உட்புறம் 3 என்று குத்தியிருந்தது. இரண்டையும் டைரியில் வரைந்துகொண்டு, பழைய பொம்மை சேகரிப்பவர் ஒருவருக்குப் படங்கள் அனுப்பினேன்.

முத்திரை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது என்று பதில் வந்தது. 3-ஐ நான் மாடல் எண் என்று நினைத்து இரண்டு வாரம் தேடியிருந்தேன். அந்தக் கம்பெனி சக்கரத்தில் எண் குத்துவதே இல்லையாம்.

ஜெபத்துக்கு முந்தின நாள் எஞ்சினோடு மலையேறி விஷயத்தைச் சொன்னேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது.

“அளந்து பாக்காம உனக்குச் சோறு எறங்காதுல்ல? எங்கப்பா செஞ்சதுன்னு பள்ளிக்கூடத்துல நான் சத்தியமே பண்ணியிருக்கேன்ல.”

அம்மா அதே ஃபாக்டரியில் இலை சலித்தவள். எஞ்சினை வாங்கிக் கவிழ்த்துக் கட்டைவிரலால் தடவினாள்.

“ஏல, இது மூணாம் நம்பர் ரோலருல்லா!”

“பொம்மையில ஏதும்மா ரோலரு?” என்றேன்.

“துரை பங்களாக் குப்பையில ஒரு சக்கரம் மட்டும் இல்லாமக் கெடந்துச்சு. ஒங்கப்பாதான் லேத்துல கடைஞ்சு போட்டாரு. எதைக் கடைஞ்சாலும் எந்த மெஷினுக்குன்னு நம்பர் குத்தணும்லா? பொம்மைக்கு ஏது நம்பர்? அன்னைக்கு இலை உருட்டுற மூணாம் நம்பர் ரோலர்ல வேலை போல. அதையே குத்திப்புட்டாரு அந்த மனுசன்.”

சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

ஸ்கேலை எடுத்தேன். அந்தச் சக்கரத்தின் அச்சுத்துளை நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தது. சின்ன வயதில் லயத்துச் சிமென்ட் தரையில் விட்டால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று நொண்டும். எல்லா ரயிலும் அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்தேன். முதன்முதலாக நிஜ ரயிலில் ஏறியபோதுகூட அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அக்கா அட்டையை எடுத்துவைத்து, “சொல்லு, என்ன எழுத?” என்றாள்.

“எஞ்சின்: வெளிநாட்டுக் கம்பெனி. ஆறாவது சக்கரம்: அப்பா.”

முதல் வரியைச் சின்னதாகவும் இரண்டாவதைப் பெரிதாகவும் எழுதினாள். அப்புறம் சாவி கொடுத்து எஞ்சினை மேஜைமேல் விட்டாள். மூன்று பேரும் அந்த ‘டக்’கைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நொண்டிக்கொண்டே போய் அப்பா போட்டோவில் முட்டி நின்றது.