படகுக்கு எங்கே தேங்காய் உடைப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காயலில் சுற்றிவர, புதிதாக ஒரு சின்ன மோட்டார் படகு வாங்க வேண்டுமென்று எனக்கு ஒரே ஆசை. வலியசாலையில் எங்கள் தெருவில் யாரும் படகு வாங்கியதில்லை. மனைவியோ ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, புது வண்டின்னா பழவங்காடி பிள்ளையார் முன்னாடி நிறுத்தித் தேங்காய் உடைப்போம். படகை எப்படிக் கொண்டுபோவேள்? ஆட்டோவிலயா?"

நானும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பூவாறில் படகு விற்பவர் எங்களை ஏற்றி ஓட்டிக் காட்டினார். பிள்ளைகள் உற்சாகத்தில் கூச்சலிட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று மனைவி பக்கம் திரும்பினேன்.

"நன்னாத்தான் இருக்கு" என்றாள். கண்களை இறுக மூடியிருந்தாள். என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். இத்தனை நாள் தேங்காயைச் சொல்லி அவள் மறைத்தது தண்ணீர் மேலுள்ள பயத்தை என்று அப்போதுதான் புரிந்தது.

கரையேறியதும், "படகு வேண்டாம், விடு" என்றேன்.

"வேண்டாம்னு யார் சொன்னா? குழந்தேள் முகத்தைப் பார்த்தேளோ இல்லியோ? முதல்ல நேக்கு நீந்தத் தெரியணும். இந்தப் பேடி, இந்தப் பயம் போகட்டும், அப்புறம் வாங்கலாம்."

இப்போது காலையில் அவள் நீச்சல் குளத்தில் இறங்குகிறாள். நான் துண்டோடு மேலே உட்கார்ந்திருக்கிறேன். படகு இன்னும் வாங்கவில்லை. அவள் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், சிரிப்பதற்கு முன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.