ஓட்டில்லாத செல்லாயி எழுதிய ஓட்டுக் கணக்கு

திகாம் பத்து டவுன்ல என் தோசைக் கடைக்கு வர்றவங்க மொதல்ல அடுப்பப் பாக்கமாட்டாங்க, பலகையத்தான் பாப்பாங்க. பாதிப் பலகையில இன்னிக்கு என்ன சாப்பாடுன்னு இருக்கும். மீதிப் பாதியில நம்ம ஒய்.பி., அதான் நம்ம தொகுதி எம்.பி., பார்லிமெண்டுக்கு வந்தாரா, வாயத் தொறந்தாரா, எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாருன்னு இருக்கும். கடை என்னோடது, என் பேரு தங்கமணி, லைசென்சும் என் பேர்லதான். ஆனா அந்தப் பாதிப் பலகைக்கு மொதலாளி செல்லாயி அக்கா. தோசைக் கல்லுக்கும் அதுதான் மொதலாளி. நான் கல்லாவுல உக்காந்து கத்துறதோட சரி.

எல்லாம் ஒரு கோயில் திருவிழாவுல ஆரம்பிச்சது. ஒய்.பி. தயாளனுக்கு ஆளுயர மாலை, பொன்னாடை, மேளம். மைக்க புடிச்சவரு, "தோட்டத்து மக்களுக்காகப் பார்லிமெண்டுல முழங்கினவரு"ன்னு விளாசுறாரு. பக்கத்துல நின்ன அக்கா என் கையக் கிள்ளிக் கேக்குது, "முழங்கினாராமே, என்னான்னு முழங்கினாரு?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? போய்ப் பாத்தனா?"

"மாலை போடுற நமக்கே தெரியலன்னா ஏன் போடுறோம்?"

மறுநாள்லருந்து சட்னி வாளி மேல ஃபோன சாய்ச்சு வச்சு, பார்லிமெண்ட லைவ்வா கேட்டுக்கிட்டே தோசை ஊத்துச்சு. மத்த பொம்பளைங்க சீரியல் பாத்து அழுவாங்க, இது பட்ஜெட் கேட்டுச் சிரிக்கும். தோட்டத்துல நாப்பது வருஷம் மலாய் பேசின வாயி, அதுக்குப் புரியாம இருக்குமா? ஓட்டெடுப்புல யார் யார் எந்தப் பக்கம்னு பேரோட அறிக்கை வந்ததும் நான் ஃபோன்ல தேடிப் படிச்சுக் காட்டணும். ஃபாரம் த்ரீ, ஒம்பதாங் கிளாசு வரைக்கும் படிச்சதுக்குக் கடவுள் எனக்குக் குடுத்த தண்டனை அது.

அக்காவுக்குக் கோவம் வர்றது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். பெரும்பாலும் அங்க எல்லாரும் ஒண்ணாக் கத்தித்தான் சம்மதம் சொல்லுவாங்க. "இத்தன பேரு கத்துனா நம்மாளு கத்துனாரா, கொட்டாவி விட்டாரான்னு நான் எப்படிலா எழுதுவேன்?"ன்னு கரண்டியால கல்லத் தட்டும். மணி அடிச்சு ஆள எண்ணுற ஓட்டு வந்தாத்தான் அதுக்குத் தீபாவளி. அன்னிக்கு தோசை ரெண்டு கருகும், நான் ஒண்ணும் சொல்றதில்ல.

பலகையில நல்லவரு, கெட்டவருன்னு ஒரு வார்த்தை இருக்காது. வந்தாரு, வரல. ஆமான்னாரு, இல்லன்னாரு. அப்புறம் ரெண்டு கட்டம்: சொன்னது, செஞ்சது. ரோடு போடுறேன்னு ஒய்.பி. சொன்னா மொதக் கட்டத்துல எழுதும். தாரு காஞ்ச அப்புறந்தான் ரெண்டாவதுக்கு வரும். ஒரு தடவ சுங்கை லாலாங் ரோடு போட்டாச்சுன்னு நான் சொன்னேன். நம்பல. பஸ் ஏறிப் போய் நடந்து பாத்துட்டு வந்துதான் எழுதுச்சு.

இதுல கூத்து என்னன்னா, இவ்வளவு கணக்கு வச்ச அக்காவுக்கு ஓட்டே கிடையாது. செவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற அடையாள அட்டை. பொறந்தது சுங்கை லாலாங் தோட்டத்து லயத்து வீட்டுல. பதினாலு வயசுல பால்மரம் வெட்டப் போச்சு. கல்யாணம், ரெண்டு புள்ள, புருஷன் பழனியாண்டி சாவு, எல்லாம் இந்த மண்ணுலதான். தேர்தலுக்குத் தேர்தல் புருஷன்கூட பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து போயி, கேட்டுக்கு வெளிய குடைய புடிச்சுக்கிட்டு நிக்குமாம். பழனியாண்டி அண்ணன் ஓட்டுப் போட்டுட்டு வெளிய வருவாரு, ரெண்டு பேரும் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுட்டுத் திரும்புவாங்க. அஞ்சு தேர்தல் அப்படி நின்னுச்சு. குடியுரிமைக்கு நாலு தடவ மனுப் போட்டுச்சு, நாலும் திரும்பி வந்துருச்சு. "சாவுறதுக்குள்ள ஒரு தடவ உள்ள போயிட்டு வரணும் தங்கமணி. ஒரே ஒரு தடவ"ன்னு என்கிட்ட சொல்லும். அதுக்கு வேற ஆசையே இல்ல. தங்கத்துல வளையல் கேட்டாக்கூட வாங்கிக் குடுத்துருக்கலாம்.

ஒய்.பி.யோட சேவை மையத்துல எழுதிக் குடுத்தா வழி பொறக்கும்னு நான்தான் பேப்பர எல்லாம் பையில போட்டு இழுத்துட்டுப் போனேன். அங்க இருந்த ஜெயகுமார், ஒய்.பி.க்கு உதவியாளு, எங்களப் பாத்ததும் மூஞ்சிய மாத்திக்கிட்டான். போன வாரந்தான் தோட்டத் தொழிலாளர் வீட்டு மசோதாவுக்கு மணி அடிச்சு ஓட்டெடுத்திருந்தாங்க. பலகையில இந்தாப் பெருசா "வரல". அதை எவனோ படம் புடிச்சுப் போட்டு, கோலா கெத்தில் டவுன் வரைக்கும் சிரிச்சாங்க.

"பேப்பரக் குடுத்துட்டுப் போங்கம்மா. ஆனா அந்தப் பலகைய கொஞ்சம் அழிச்சீங்கன்னா ஒய்.பி.க்கும் மனசு இருக்கும்லா"ன்னான்.

அக்கா பையத் திரும்ப எடுத்து கக்கத்துல வச்சுக்கிட்டு, "வந்திருந்தா வந்தாருன்னு எழுதியிருப்பேன் தம்பி"ன்னு சொல்லிட்டு நடந்துருச்சு. எனக்கு வயித்தெரிச்சல்! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போகுதேன்னு ராத்திரி பூரா பொரண்டேன். காலையில சீக்கிரமே கடையத் தொறந்து, ஈரத் துணியால அந்த ஒரு வார்த்தைய மட்டும் தொடச்சேன். திருட்டுப் பூனை கணக்கா கல்லாவுல போய் உக்காந்தேன்.

அக்கா வந்துச்சு, பாத்துச்சு. சாக்பீஸ எடுத்து முன்ன இருந்ததவிடப் பெருசா "வரல"ன்னு எழுதுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எனக்குன்னு ஒரு பொய் எழுதினா, நாளைக்கு இந்தப் பலகைய எவ நம்புவா? நானே நம்பமாட்டேன்டி"ன்னுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. கோவம் வேற. பிழைக்கத் தெரியாததுன்னு வாய்க்குள்ள திட்டிக்கிட்டே வெங்காயம் உரிச்சேன்.

அந்த சனிக்கிழமை ஒய்.பி.யே கடைக்கு வந்துட்டாரு. மாலை இல்ல, மேளம் இல்ல, கசங்கின சட்டை. பின்னாலயே ஜெயகுமார், பலகைய முறைச்சுக்கிட்டு. கடையில சாப்பிட்டவன் எல்லாம் தோசைய வாயிக்கும் தட்டுக்கும் நடுவுல வச்சுக்கிட்டுப் பாக்குறான்.

"அக்கா, நான் வரலதான்," அப்படின்னாரு ஒய்.பி. "பொய் சொல்லமாட்டேன். கேண்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மணி சத்தம் கேட்டு ஓடினேன். போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அக்கா கையத் தொடச்சுக்கிட்டு நேரா பலகைக்குப் போச்சு. "வரல"க்குப் பக்கத்துல "சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, அவரே ஒத்துக்கிட்டாரு"ன்னு எழுதுச்சு. கடையே வெடிச்சுச் சிரிச்சுது. நான் கண்ண மூடிக்கிட்டேன், போச்சுடான்னு. தொறந்து பாத்தா ஒய்.பி. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணி. "என் ஆபீசுலகூட இவ்வளவு சுத்தமா எழுதி வைக்கலக்கா. எங்க, உங்க பேப்பரக் காட்டுங்க"ன்னாரு.

பேப்பர ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. பொறப்புப் பத்திரத்தையும் ஐ.சி.யையும் சேத்து வச்சுப் பாத்துட்டு, "இதுல உள்ள தேதிக்கு உங்களுக்கு ரெண்டு வயசு கூட வருதே?"ன்னு கேட்டாரு.

"அது எனக்கு மூத்தவளோடது" அப்படின்னுச்சு அக்கா, ரொம்ப சாதாரணமா. "அவளும் செல்லாயிதான். எட்டு மாசத்துல போயிட்டா. செல்லாயி அம்மனுக்கு நேந்துக்கிட்ட பேரு, பாதியில விடக்கூடாதுன்னு அடுத்துப் பொறந்த எனக்கும் அதையே வச்சாங்க. பேரு ஒண்ணுதானே, பேப்பர்தான் ஏற்கனவே இருக்கே, எதுக்கு இன்னொரு தடவ டவுனுக்குப் போயிக்கிட்டுன்னு எங்கப்பா என்னைப் பதியவே இல்ல."

ஒய்.பி. மெதுவாச் சொன்னாரு, "அக்கா, இத்தன வருஷமா நீங்க கொண்டுபோய் நீட்டுனது செத்துப்போன பிள்ளையோட பத்திரம். நீங்க பொறந்ததுக்குன்னு ஒரு தாள்கூட பதிவுல கிடையாது."

அக்கா மாவுக் கையோட அப்படியே நின்னுச்சு. நாலு மனுவுலயும் இதை யாருகிட்டயும் சொல்லல. யாரும் கேக்கல, இதுக்கும் சொல்லுற அளவுக்கு மதிப்பு உண்டுன்னு அதுக்குத் தோணவுமில்ல. அட முருகா, இத நான் கேட்டிருக்கக் கூடாதா? இருபது வருஷம் பக்கத்துலயே நின்னு என்னத்தக் கிழிச்சேன்?

"உங்க பேர எழுதின ஒரு தாளத் தேடிப் புடிக்கிறேன்"ன்னாரு ஒய்.பி. அக்கா உடனே அதையும் "சொன்னது" கட்டத்துல எழுதிருச்சு. என்ன மனுஷியோ!

தேடத்தான் தேடினாங்க. எந்த ஜெயகுமார் அழிக்கச் சொன்னானோ அவனே பழைய தோட்டத்து ஆபீசுல தூசியில ரெண்டு நாள் கெடந்து, பிள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற ஆயாக்கொட்டகை நோட்ட எடுத்துட்டு வந்தான். அதுல மூத்தவ செத்து ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம், "செல்லாயி, பெண், மூணு மாசம்"னு தோட்டத்து ஆபீசுல எழுத்து வேல பாத்த கிராணி எழுதி வச்சிருக்காரு. தமிழ்ப்பள்ளி சேர்க்கைப் புத்தகமும் கெடச்சுது. ஒரே லயத்துல வளந்த ராக்காயி, எண்பது வயசுல சக்கர நாற்காலியில வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுச்சு. ஒய்.பி. கடிதத்துக்கு மேல கடிதம் எழுதினாரு. பதினாலு மாசம் அது "சொன்னது" கட்டத்துலயே கெடந்துச்சு. ஒய்.பி. சாப்பிட வர்றப்பல்லாம் அதைப் பாத்து நெளிவாரு.

குடியுரிமையோட நீல ஐ.சி. வந்த அன்னிக்கு அக்கா கடைக்கு நடந்து வரல, ஓடி வந்துச்சு. அறுபத்தஞ்சு வயசுல! நான் கேசரி கிண்டி வந்தவனுக்கெல்லாம் சும்மா குடுத்தேன். எனக்கும் புத்தி பேதலிச்சுருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. பேசட்டுமே!

அடுத்த தேர்தலுக்கு ஆரஞ்சுச் சேலை கட்டி, பூ வச்சு, விடியுறதுக்குள்ள வரிசையில மொத ஆளா நின்னுச்சு. நான் அதுக்குப் பின்னால. உள்ள போய்ட்டு வெளிய வந்தப்ப பள்ளிக்கூடக் கேட்டுப் பக்கத்துல நின்னு மை வச்ச விரலயே பாத்துச்சு. "உங்க அண்ணன் இருந்திருந்தா இன்னிக்கு அவருதான் குடைய புடிச்சிருக்கணும்"னு சொல்லி, சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. நானும் சேந்து அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் ஐஸ் வாங்கித் தின்னோம்.

ஒய்.பி. ஜெயிச்சாரு, சொற்ப ஓட்டுல. மறுநாள் காலையில கடைக்கு வந்து, தோசை சொல்லுறதுக்கு முன்னாலயே மெதுவா ஆரம்பிச்சாரு. "அக்கா, நான் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் ஊருக்கே எழுதிக் காட்டுனீங்க. நீங்க போட்ட ஒரே ஒரு ஓட்டு யாருக்குன்னு மட்டும் என் காதுலயாவது சொல்லக்கூடாதா?"

கடையில அத்தன பேரும் காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறோம். அக்கா தோசையத் திருப்பிப் போட்டுட்டு நிமிந்து பாத்துச்சு.

"ஒய்.பி., நீங்க அங்க போடுறது எங்க ஓட்டு. அதனால எங்களுக்குச் சொல்லியாகணும். நான் போட்டது என் ஓட்டு. அதை நான் யாருக்கும் சொல்லவேண்டியதில்ல."