பூட்ஸைக் கழற்றாமல் எழுதியது

இரண்டு வருடங்களுக்கு முன், நல்ல மழைக்காலத்தில், இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. நான் பாலக்காட்டுக்காரி. பாத நோய்கள் பற்றிய ஆராய்ச்சியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சர்க்கரை நோய் உள்ள தொழிலாளர்களின் பாதங்களைப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். ஒரே நாளில் நாற்பது பேரை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வெறி.

கொழுந்து எடை போடும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா வந்தார். ரப்பர் பூட்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் எடை வரிசையில் இடம் போய்விடும் என்றார். சரியென்று விட்டுவிட்டேன். வலிக்கிறதா, எரிகிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். டிக் அடித்து, ‘பாதம் நலம்’ என்று எழுதினேன்.

பக்கத்தில் நின்ற தோழி கிண்டலடித்தார். “அவளுக்கென்ன டாக்டரம்மா, இரும்புக் காலு. நாங்க விரலு வைக்க முடியாத சுடுதண்ணியில காலை முக்கிட்டு ஊர்க்கதை பேசுவா.”

“பொறாமைடி உனக்கு” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜீப் இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான் உறைத்தது. சுடுதண்ணீர் சுடவில்லையென்றால் அது உணர்ச்சி செத்த கால். பரீட்சையில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வண்டியைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீட்டுக்கே போனேன். நான் காலைத் தொடுவதா என்று கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்து பிடிவாதமாகப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் வெந்த கொப்புளம் உடைந்து சீழ் கோத்திருந்தது. அந்தக் காலோடுதான் தினமும் சரிவு ஏறிக் கொழுந்து பறித்திருக்கிறார். அவர் புண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

“காலை எடுத்துருவாங்களாம்மா? வேலைக்குப் போகலேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களே.”

அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விரல் போயிற்று, பாதம் தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் மருத்துவர். சில மாதங்களில் அக்கா வேலைக்குத் திரும்பினார். வீடும் தங்கியது.

அதன் பிறகு எத்தனையோ பாதங்களைப் பார்த்துவிட்டேன். இப்போதும் யாராவது ‘வலியே இல்லை’ என்று சிரித்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. பேனாவை மூடிவிட்டுக் கீழே உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்க்கிறேன்.