வாரைப் பிடித்த தம்பி

சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றங்கரையில் கலைமான் மேய்க்கும் ஈவென்கிகள் எங்களில் வர்வாராவைப் போல வாய்க்காரியும் கிடையாது, ஏமாந்தவளும் கிடையாது. கலைமான் தொலைந்தாலும் குழந்தை காய்ச்சலில் கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். முரசை அடித்து அடித்து, நினைவு தப்பி, ஆவிகளின் ஊருக்குப் போய்வருவாள். உடம்பு மட்டும் இங்கே நெருப்பைச் சுற்றி ஆடும். அதனால் அவள் அங்கியின் முதுகில் தைத்த தோல்வாரை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அங்கிருந்து அவள் வார் பிடித்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் பதில் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் வழி தெரிந்து திரும்புவாள். யாரையும் லேசில் நம்பாத வர்வாரா, வாரைத் தம்பி சவேலியிடம் மட்டுமே கொடுப்பாள்.

சவேலி மொடாக்குடியன். ஊருக்குப் புதிதாக வந்த ஜெபவீட்டில் சேர்ந்ததும் குடியை விட்டான், அதைச் சும்மா சொல்லக் கூடாது. அங்கேயும் உடம்பு நடுங்கி, கண் செருகி, புரியாத பாஷை பேசுவார்களாம். வர்வாராவுக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தீங்களாடி, எங்க ரத்தம்! அவனும் போயிட்டு வர்றான்!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைக்காக ஆடியபோது நெருப்பில் விழுந்தாள். இரண்டு கையும் வெந்துபோயின. நாங்கள்தான் பனியை அள்ளி முகத்தில் அப்பி எழுப்பினோம். குழந்தை எப்படியோ பிழைத்தது.

"வார் கைநழுவிடுச்சு" என்றான் சவேலி. நாங்கள் முணுமுணுத்தோம். அவளோ எங்கள் மேல் பாய்ந்தாள்.

"வாயைக் கழுவுங்கடி! தோல்ல நான்தான் கொழுப்பை அதிகமாத் தடவிட்டேன். எந்தம்பியைச் சொன்னா நாக்கு அழுகிப்போகும்!"

கை ஆறியதும் அவனே ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனான். பாட்டு ஏற ஏற அவன் உடம்பு உதறியது. அவன் நடிக்கவில்லை என்று அவளுக்குக் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. பெருமையில் பக்கத்திலிருந்தவளை இடித்துக் காட்டினாள். தெளிந்து எழுந்தவன் எல்லோர் முன்னாலும் சாட்சி சொன்னான்.

"அன்னைக்கு எங்க அக்காவைப் பிசாசு புடிச்சு ஆட்டுச்சு. கர்த்தர் 'விடு'ன்னார். வாரை விட்டுட்டேன்!"

"அல்லேலூயா!" என்று கூரை அதிர்ந்தது.

படுபாவி! வர்வாரா எழுந்து வெளியே வந்துவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்கா."

"கை வெந்தது போகட்டும்டா. அங்கேருந்து உம்பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேனே, அதுகூடவா உன் காதுல விழலை?"

சவேலி தலையைக் குனிந்துகொண்டான்.

"விழுந்துச்சுக்கா" என்றான்.