பீட்டருக்கு வாய்தா கொடுத்த மேடம்

செல்வராணி மேடம் போய்விட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவர்... எழுந்திருக்கவில்லை.

எங்கள் கோர்ட்டில் பல வருஷம் மாஜிஸ்திரேட். ரிட்டயர் ஆன பிறகு மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று எங்கள் வார்டு கவுன்சிலர் ஆனவர். நான் அவர் முன்னால் வாதாடிய வக்கீல், பிறகு அவருக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவன். இரண்டு வேலையிலும் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எழுதியாக வேண்டும். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

பீட்டர் என்று எனக்கு ஒரு க்ளையன்ட். மீன்பிடித் துறைமுகத்தில் நடந்த ஒரு அடிதடி கேஸ். ஜாமீனில் வந்தான், கடலுக்குப் போனான்... போட் மட்டும் திரும்பி வந்தது.

உடல் கிடைக்கவில்லை, அதனால் இறப்புச் சான்றிதழும் இல்லை. கோர்ட்டைப் பொறுத்தவரை பீட்டர் ஆஜராகாத ஆள், அவ்வளவுதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி வராண்டாவில் நின்று அவன் பேரை மூன்று முறை கூப்பிடுவார். அவன் அம்மா ரோசம்மா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த கேஸை இனி கூப்பிட வேண்டாம் என்று ஒருநாள் நான்தான் மனு கொடுத்தேன். அந்தம்மா விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.

"மூடிடாதம்மா. எம்புள்ள பேர வாய் தொறந்து கூப்புடுற எடம் இது ஒண்ணுதான் கீது."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "வாய்தா" என்றார். அவர் ரிட்டயர் ஆகும்வரை வாய்தாதான். அடுத்து வந்த மாஜிஸ்திரேட் கேஸ் கட்டை ஓரமாக வைத்துவிட்டார், கூப்பிடுவதும் நின்றுபோனது.

அப்புறம் தேர்தல். கல்மண்டபத்துச் சந்துகளில் ஓட்டுக் கேட்டுப் போனோம். மேடம் கும்பிடுவதற்கு முன்பே ஆண்கள் லுங்கியை இறக்கிவிட்டு, கைகட்டி நின்று, தங்கள் பேரும் அப்பா பேரும் சொன்னார்கள். யாரும் கேட்கவே இல்லை... பாதிப் பேரை அவர் உள்ளே அனுப்பியிருக்கிறாரே.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. ரோசம்மா வீட்டு வாசல் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

"ஓட்டு உனக்குத்தாம்மா. ஒரே ஒரு தபா அவன கூப்டுட்டுப் போ."

மத்தியானம். சுள்ளென்று வெயில். மேடம் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, டவாலி மாதிரியே கூப்பிட்டார். "பீட்டர்... பீட்டர்... பீட்டர்..."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல். "தோ... கீறேம்மா."

ரோசம்மா தனியாக இருப்பவர். ஒரே ரூம், கதவு திறந்துதான் இருந்தது. ஃபேன் சுற்றியதைத் தவிர உள்ளே எதுவும் அசையவில்லை.

எங்களோடு வந்த ஆட்டோக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பேய் பிசாசு என்று யார் சொன்னாலும் கிண்டல் செய்கிற ஆள் நான். மைக்கோடு அந்த ஆட்டோக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேடம் மட்டும் அந்தக் கதவைப் பார்த்து, கோர்ட்டில் சொல்கிற மாதிரியே சொன்னார். "சரிப்பா. அடுத்த மாசம், முதல் வெள்ளிக்கிழமை."

ஜெயித்த பிறகும் மாதம் தவறாமல் போனார். குழாய்த் தண்ணீர் விஷயமாகப் போகிறார் என்று வார்டில் பேச்சு. போன மாசம்தான் கேட்டேன், "இன்னும் பதில் வருதா மேடம்?"

"வருதே. முன்னெல்லாம் ரொம்ப தூரத்துல கேக்கும். இப்ப வாசல் கிட்டயே கேக்குது."

இன்று மேடம் வீட்டுக்கு ரோசம்மா வந்திருந்தார். ஐஸ் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன்கிட்ட இன்னும் சொல்லல வக்கீலு. நாளைக்கு மொத வெள்ளி. நீ வந்து கூப்டு."

பயமாகத்தான் இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போய் வாருங்கள், மேடம்.